ஆப்பிளோடு வார்டுக்கு வருகிறவர்களுக்கு



வியாதியஸ்தரைப் பார்க்க ஆப்பிள் வாங்கி வருகிறீர்கள், சந்தோஷம். தோலைச் சீவ வேண்டுமா என்று பலர் கேட்கிறீர்கள். வேண்டாம். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். நார்ச்சத்தில் நல்ல பங்கு தோலில் இருக்கிறது. விதைகளை நிறைய மென்று தின்றால் சயனைடு விஷம் உண்டாகும். ஒன்றிரண்டு விழுங்கிவிட்டால் பயமில்லை, அப்படியே வெளியேறிவிடும்.

என் பயமெல்லாம் குழந்தைகள் வார்டைப் பற்றித்தான். 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேகவைக்காத ஆப்பிள் துண்டைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். சரியாக மெல்லாமல் விழுங்கப் பார்க்கும், மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

பெரியவர்களுக்கு நம்மூர் கொய்யாவே போதும். ஆப்பிளைவிட வைட்டமின் சி பல மடங்கு அதிகம், விலையும் குறைவு. மிச்சப் பணத்துக்கு வாசலில் ஏழை நோயாளிகள் நிதிப் பெட்டி இருக்கிறது.