இயந்திரத்துக்கு மூன்று ஷிப்டு, குழந்தைக்கு ஒரு ஷிப்டா?

(சிங்காரப்பேட்டையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பட்டா பற்றி இந்த ஊரில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று இன்னொரு கோரிக்கையோடு உங்கள் முன் நிற்கிறோம். பொழுது சாய்ந்த பிறகு நம் குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், மனநோய் கண்டவர்களுக்கும் யார் காவல்? இதுவும் நம் வர்க்கத்தின் கோரிக்கைதான்.

ஓசூர்ப் பக்கத்து ஆலைகள் இராத்திரியிலும் ஓடுகின்றன. நள்ளிரவில் ஒரு பெல்ட் அறுந்தால் மெக்கானிக் ஓடி வருகிறான். கேட்டில் வாட்ச்மேன் நிற்கிறான். இங்கே ஜவ்வாது மலையடிவாரத்தில் கொல்லையைப் பன்றி மேயாதிருக்கப் பரண் போட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறோம். இயந்திரத்துக்குக் காவல் உண்டு. பயிருக்குக் காவல் உண்டு. ஆனால் சர்க்காரின் நலத்துறை அலுவலகம் காலையில் திறந்து மாலையில் பூட்டப்படுகிறது. சனி, ஞாயிறு விடுமுறை.

ஆபத்து ஆபீஸ் நேரம் பார்த்தா வருகிறது? குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி பிள்ளையை அடிப்பவன் இரவில்தான் அடிக்கிறான். வீட்டை விட்டு ஓடிய பையன் கடைசி பஸ்ஸில்தான் வந்து இறங்குகிறான். குழந்தைக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் குறிக்கிறார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி நாற்காலியில் உட்காரும்போது தாலி ஏறி ஒரு நாள் ஆகியிருக்கும்.

நம் மாவட்டத்தில் நடந்ததையே பாருங்கள். 2025 மார்ச்சில் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமிக்குப் பெங்களூரில் வைத்துத் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளைக்கு அவளைப் போல் இரண்டு மடங்கு வயது. போகமாட்டேன் என்று திரும்பி வந்தவளை, கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் இருந்தார்கள், தடுத்தவர் இல்லை. அந்தக் காட்சி நாடெங்கும் பரவிய பிறகுதான் கைது நடந்தது. கல்யாணம் கர்நாடகத்தில், வீடு தமிழ்நாட்டில். எல்லைக்கோடு குற்றவாளிக்கு வசதி. குழந்தைக்கு அதுவே மதில் சுவர்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நீதித்துறை நடுவர் கல்யாணத்துக்குத் தடையுத்தரவு போடலாம். தடையை மீறி நடந்த கல்யாணம் செல்லாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவற்ற குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு போக வேண்டும். குழு கூடாத நேரத்தில் அதன் உறுப்பினர் ஒருவர் முன் கொண்டு போனாலும் போதும். சட்டம் மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதை நடத்துகிற ஏற்பாடு ஆபீஸ் நேரத்தில் ஓடுகிறது. ஸ்டேஷனில் வைக்காதே என்று சட்டம் சொன்னால், வேறெங்கே வைப்பது என்பதற்கு ஊத்தங்கரை வட்டத்திலேயே பதில் இருக்க வேண்டாமா? ஊத்தங்கரை, மத்தூர் தாண்டிக் கிருஷ்ணகிரி வரை நள்ளிரவில் யார் வண்டியில் யார் கூட்டிப் போவது?

1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி 1996இல் பம்பாயில் தொடங்கியது. இரவும் பகலும் எடுப்பார்கள். 2023இல் அதை சர்க்காரே எடுத்து நடத்தத் தொடங்கியது. பெண்களுக்கு 181 இருக்கிறது. நல்லது, பயன்படுத்துவோம். ஆனால் போனை எடுப்பது ஒரு வேலை. இருட்டில் அந்தக் குடிசை வாசலுக்கு வந்து நிற்பது இன்னொரு வேலை. வந்து நிற்க வேண்டிய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். தொகுப்பூதியம் கொடுத்துவிட்டு, மாவட்டம் முழுவதையும் அவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் நமக்கு எதிரிகள் அல்லர், தோழர்களே. நம்மைப் போல உழைப்பவர்கள்.

முதியோருக்கான 14567 என்ற எண் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான். மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டிட வேலைக்குப் போய்விட, இங்கே தனியாகக் கிடக்கும் கிழவிக்கு எட்டு மணிக்கு மேல் நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். வீட்டிலிருந்து பிடித்துத் தள்ளினால் யாரைக் கூப்பிடுவாள்?

கவனிப்பாரற்ற இரவு என்ன செய்யும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்டு 6, விடியுமுன் ஒரு தனியார் மனநல விடுதியில் தீப் பிடித்தது. நோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் கருகின. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. தெருவில் திரியும் மனநோயாளியை லாக்கப்பில் அடைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது போலீசின் கடமை என்கிறது. கடமையைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

அதிகாரியை இரவில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் போதுமா? நம் பக்கத்து அரூர் வட்டத்து வாச்சாத்தியை மறக்க முடியுமா? 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் அந்த மலைவாழ் மக்கள் மீது பாய்ந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அன்றிரவு பெண்களை வைத்திருந்தது அரூர் வனத்துறை ஆபீசில்தான். வேலியே பயிரை மேய்ந்தது. செங்கொடியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடி, 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மக்கள் ஸ்தாபனத்தின் கண் படாத ஆபீஸ், பாதுகாப்பு ஆகாது.

அதற்காகக் கம்பை எடுத்துக்கொண்டு நாமே காவல் என்று கிளம்பிவிடவும் கூடாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே அடித்துக் கொன்றது. குழந்தைகளைக் காப்பதாக நினைத்து, காக்கப்பட வேண்டிய ஒரு கிழவியைக் கொன்றார்கள். முறையும் பயிற்சியும் இல்லாத காவல் அப்படித்தான் முடியும்.

ஆகவே இது தர்ம காரியமல்ல, முழுநேரத் தொழில். இங்கிலாந்து முதலாளித்துவ நாடுதான். அங்கேயும் உள்ளாட்சி மன்றங்கள் அலுவலகம் மூடிய பிறகு, இரவிலும் வார விடுமுறையிலும் பண்டிகை நாளிலும், பயிற்சி பெற்ற சமூக ஊழியர்களைப் பணியில் வைத்திருக்கின்றன. குழந்தைக்கு மட்டுமல்ல, ஆபத்திலுள்ள பெரியவர்களுக்கும் அவர்களே பொறுப்பு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பணக்காரன் பிள்ளைக்கு ஆயா இருக்கிறாள், வாசலில் கூர்க்கா இருக்கிறான். நம் பிள்ளை ஏன் தனியாகக் கிடக்கிறது? தாய் நைட் ஷிப்டில் நிற்கிறாள், தகப்பன் வெளியூரில் கலவை சுமக்கிறான். அந்த இராத்திரி உழைப்பின் லாபம் முதலாளிக்கு; அந்த இராத்திரியின் ஆபத்து மட்டும் நம் பிள்ளைக்கா?

எனவே நாம் கேட்கிறோம்: வட்டம் தோறும் 24 மணி நேரப் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் பெண் ஊழியரும் வண்டியும் கட்டாயம் வேண்டும். அந்த ஊழியர்களுக்கு நிரந்தர வேலையும் இரவுப் படியும் வேண்டும். ஊத்தங்கரையிலேயே இரவுத் தங்குமிடம் வேண்டும். முதியோர் எண் இரவிலும் இயங்க வேண்டும். நைட் ஷிப்டு நடத்தும் ஆலைகள் தம் செலவில் இரவுக் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும். எல்லையின் இரு பக்கத்து அதிகாரிகளும் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதில் சேர்ந்து செயல்பட வேண்டும்.

வரும் வரை சும்மா இருப்பதா? இல்லை. தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண் தோழர், பொறுப்பேற்கட்டும். 1098, 181 எண்களை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதுவோம். பெண் பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றால் அன்றே விசாரிப்போம்; முகூர்த்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். தகவல் கொடுத்த நேரத்தைக் குறித்து வைப்போம். ஸ்டேஷனில் ரசீது கேட்போம். குழந்தையின் பெயரை வெளியே சொல்லமாட்டோம். ஊர்ப் பஞ்சாயத்தில் பணம் வாங்கி விஷயத்தை மூடி மறைக்க விடமாட்டோம்.

எட்டு மணி நேர வேலையைப் போராடிப் பெற்ற வர்க்கம் நாம். மீதிப் பதினாறு மணி நேரமும் நம் பிள்ளைகள் பயமின்றி இருக்கும் உரிமையையும் போராடிப் பெறுவோம். இந்தக் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போடுங்கள். ஊத்தங்கரை தாலுகா ஆபீஸ் வாசலுக்கு எல்லோரும் சேர்ந்து போவோம்!