நிறமற்ற திரவத்தை அடையாளம் காண்பது எப்படி?



இரண்டு கண்ணாடிப் புட்டிகள் நம் முன்னால் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஒன்றில் இருப்பது எத்தனால்; குடிக்கும் மதுவில் போதை தருவது அதுதான். மற்றதில் இருப்பது மெத்தனால். இது தொழிற்சாலைகளுக்கு உரியது. இரண்டும் தண்ணீரைப் போலத் தெளிந்தவை. இரண்டும் தீப்பற்றி எரியும். வாசனையிலும் பெரிய வேற்றுமை தெரியாது. ஆனால் இரண்டாவது கண்ணைக் குருடாக்கும்; உயிரையும் வாங்கும். எந்தப் புட்டியில் எது என்று எப்படிச் சொல்வது?

இது போன்ற கேள்வி அன்றாடம் எழும் ஓர் இடம் சிங்கப்பூரின் மேற்கே உள்ள ஜூரோங். 1961ஆம் ஆண்டில் அங்கே தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியபோது சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் ரப்பர் மரங்களுமாகக் கிடந்த மண் அது. பால்மரம் நின்ற இடத்தில் ஆலைகள் எழுந்தன. பின்னர், எதிரே கடலில் இருந்த பெசெக், சக்ரா, செராயா முதலிய ஏழு தீவுகளைக் கடலைத் தூர்த்து ஒன்றாக்கி, ஜூரோங் தீவு என்று பெயரிட்டு, 2000ஆம் ஆண்டில் திறந்து வைத்தார்கள். எண்ணெய், இரசாயனக் கம்பெனிகள் நூற்றுக்கு மேல் இன்று அங்கே உள்ளன. அங்குள்ள குழாய்களிலும் தொட்டிகளிலும் இருக்கும் திரவங்கள் பலவும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பவை. முகர்ந்து பார்த்தோ நாவில் வைத்தோ சோதிக்கக் கூடியவை அல்ல. ஆகவே ஆய்வுக்கூடங்களில் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் நிறமாலைமானியைக் கொண்டு சோதிக்கிறார்கள்.

இக்கருவி வேலை செய்யும் விதம் கடினமானதன்று. தொட்டிலை ஆட்டும்போது, அதன் வீச்சுக்கு இசைந்து தள்ளினால்தான் அது நன்றாக ஆடும். தாளம் தப்பித் தள்ளினால் ஆடாது. ஒரு பொருளின் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்புகளும் இப்படித்தான் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பொருளின் ஊடே செலுத்தினால், தன் தாளத்துக்கு இசைந்த ஒளியை மட்டும் அது விழுங்கிக்கொள்ளும். மற்றது வெளியே வந்துவிடும். விழுங்கப்பட்ட இடங்களைக் கருவி கோடாக வரைந்து காட்டும். மேடும் பள்ளமுமான அந்தக் கோடுதான் பொருளின் கைரேகை.

ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதைக் கொண்டு பள்ளங்களுக்கு எண் கொடுப்பார்கள். மெத்தனாலுக்கு 1030 என்ற எண்ணை ஒட்டி ஆழமான பள்ளம் விழும். எத்தனாலுக்கு 1050ஐ ஒட்டி ஒன்றும், 880ஐ ஒட்டி இன்னொன்றும் விழும். கண்ணும் மூக்கும் ஏமாந்த இடத்தில் இந்தக் கோடு ஏமாறுவதில்லை.

இதற்கு இணையான இன்னொரு வழியைத் தந்தவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன். கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனுடன் ஆராய்ந்து, 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவர் கண்ட விளைவுக்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது. அந்த மாற்றமும் பொருளுக்குப் பொருள் வேறுபடும். இம்முறையில் ஒரு வசதி உண்டு. புட்டியின் மூடியைத் திறக்காமலே, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே உள்ளே இருப்பதைச் சோதிக்கலாம்.

எல்லாம் இந்த இரு முறைகளால் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. நஞ்சு மிகச் சிறிதளவே கலந்திருந்தால் அதன் கோடு மற்றவற்றின் கோடுகளுக்குள் மறைந்துபோகும். அப்போது கலவையை முதலில் தனித்தனியாகப் பிரித்து, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானிக்கு அனுப்புவார்கள்.

தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். சம்சுவை நினைத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மது பலரைப் பலி கொண்டது. 2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர், அங்கும் மெத்தனால்தான். உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. ஆம், ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே, அதே அமிலம்! அது முதலில் தாக்குவது கண் நரம்பை. அந்த மாற்றத்துக்கு நேரம் பிடிப்பதால், குடித்தவர் பல மணி நேரம் சாதாரணமாகவே இருப்பார். போதை தெளியட்டும் என்று வீட்டார் படுக்க வைத்துவிடுவார்கள். மறுநாள் கண் மங்குகிறது, பனிமூட்டம் போல் தெரிகிறது என்பார். வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஐயம் எழுந்தவுடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்து உண்டு. அதை எவ்வளவு முன்னதாகக் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. குடித்தவரோடு மீதியிருக்கும் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டோ போலீசுக்குப் பயந்தோ அதைக் கழுவிக் கொட்டிவிடுவது நம்மவர் வழக்கம். அடியில் ஒரு கரண்டி அளவு இருந்தாலும் ஆய்வுக்கூடத்துக்கு அது போதும். அதே புட்டியிலிருந்து வேறு யார் யார் குடித்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் அப்போது திடமாக நடமாடிக்கொண்டிருந்தாலும் சரி.