சித்திரகுப்தனும் செல்போனும்



இன்று பேசும்படி எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் செல்போனும் நமது அந்தரங்கமும் என்பதாகும். சுயமரியாதைக் கூட்டத்தில் சாமியையும் சாதியையும் சடங்கையும் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, செல்போனைப் பற்றிப் பேசுவதற்கு என்ன அவசியம் வந்தது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவசியம் இருக்கிறது. சுயமரியாதை என்றால் மனிதன் தனக்குத் தானே எஜமானனாய் இருப்பது என்பதுதான் அர்த்தம். ஒருவனுடைய பெயர், பிறந்த தேதி, சாதி, வியாதி, கடன், சிநேகம், கைரேகை இவ்வளவும் அவனுக்குத் தெரியாமல் இன்னொருவன் பெட்டியில் கிடக்குமானால், அவனை எஜமானன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

தோழர்களே! எமலோகத்தில் சித்திரகுப்தன் என்று ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறானாம். நாம் செய்வதையெல்லாம் ஏட்டில் எழுதி வைக்கிறானாம். அந்த ஏட்டைக் கண்டவன் எவனும் இல்லை. இருந்தும் அவனுக்காக நோன்பு நோற்றார்கள்; கோயில் கட்டினார்கள்; பாமர மக்கள் பயந்து காசு கொடுத்தார்கள். இப்பொழுதோ மெய்யாகவே ஒரு சித்திரகுப்தன் நம் சட்டைப்பையில் உட்கார்ந்துகொண்டு, நாம் எத்தனை மணிக்கு எழுந்தோம், எந்தத் தெருவில் நின்றோம், எந்தச் சாமானின் விலையைப் பார்த்தோம், எந்த வியாதிக்கு மருந்து தேடினோம் என்று எழுதிக்கொண்டிருக்கிறான். பொய்ச் சித்திரகுப்தனுக்கு நடுங்கிய நாம், மெய்ச் சித்திரகுப்தனைக் கண்டு கவலையே கொள்வதில்லை. இதைவிட வேடிக்கை வேறு என்ன வேண்டும்?

இந்தக் கணக்கை ஏன் எழுதுகிறான்? புண்ணியத்துக்கா? இல்லை, காசுக்குத்தான். கூகுள் கம்பெனி தேடித் தருவதற்கும் வழி காட்டுவதற்கும் நம்மிடம் ஒரு காசும் கேட்பதில்லை. ஆனால் 2023-ஆம் வருஷத்தில் அந்தக் கம்பெனிக்கு வந்த வரும்படியில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. யாருக்கு எதைக் காட்டினால் வாங்குவான் என்று தெரிந்து காட்டுவதுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம். கோயிலில் சுண்டல் இலவசமாய்க் கிடைக்கிறது என்று போகிறவன், உண்டியலை நிரப்பிவிட்டு வருவதைப் போன்றதுதான் இது. கணக்குப் பார்க்கத் தெரியாதவனுக்குத்தான் அது இலவசம்.

இது சாமான் விற்பதோடு நின்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். பேஸ்புக்கில் இருந்த சுமார் 8 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற கம்பெனியின் கைக்குத் தகாத வழியில் போயிருக்கலாம் என்பது 2018-இல் வெளியாயிற்று. எவனுடைய மனத்தை எந்தப் பேச்சால் திருப்பலாம் என்று பார்த்து ஓட்டு வேட்டை ஆடுவது அந்தக் கம்பெனியின் தொழிலாய் இருந்தது. அதைத் தொடர்ந்து 2019-இல் அமெரிக்க சர்க்கார் பேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. சரக்கு விற்கும் வித்தையாலேயே மனிதனின் கருத்தையும் வாங்கப் பார்க்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிகிறதா, இல்லையா?

நிற்க, சோசியத்துக்கு வருவோம். செல்போனிலேயே ஜாதகம் பார்க்கலாம் என்று எத்தனையோ செயலிகள் வந்திருக்கின்றன. அவை கேட்பது என்ன? உங்கள் பெயர், பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர், செல்போன் நம்பர். கூடவே கல்யாணம் ஆகவில்லையா, கடன் தொல்லையா, குழந்தை இல்லையா என்ற கேள்வி வேறு. நட்சத்திரத்துக்கும் உங்கள் கல்யாணத்துக்கும் கடுகளவு சம்பந்தமும் கிடையாது. ஆனால் உங்கள் பிறந்த தேதிக்கும் உங்கள் பாங்கிக் கணக்குக்கும் சம்பந்தம் உண்டு. நீங்கள் இன்னார்தானா என்று பாங்கிக்காரன் கேட்டுச் சரிபார்க்கும் விவரங்களில் அதுவும் ஒன்று. பழைய சோசியன் தட்சிணையோடு விட்டான். புதிய சோசியனோ தட்சிணையையும் வாங்கிக்கொண்டு, உங்கள் கவலை இன்னதென்பதையும் குறித்துவைத்துக்கொள்கிறான். கவலைப்படுகிறவனிடம் சரக்கு விற்பது வெகு சுலபம் என்பது வியாபாரிக்குத் தெரியாதா?

இதற்கெல்லாம் சிலர் சொல்லும் பதில் ஒன்றுண்டு. "நான் திருடனா, அயோக்கியனா? என்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்" என்கிறார்கள். கேட்பதற்கு வீரம்போல் இருக்கிறது. ஆனால் இவர்கள் குளிக்கும்போது கதவைச் சாத்துவது எதற்காக? குளிப்பது குற்றமா? யோக்கியனுக்கும் கதவு வேண்டும். அதிலும் ஏழைக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும் பெண்ணுக்கும்தான் அதிகமாய் வேண்டும். ஏனென்றால், விவரம் என்பது பலவான் கையில் ஆயுதம். பலவீனன் கழுத்தில் கயிறு.

இதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தவனைப் பிடிக்கும் சட்டமல்ல அது. பிறந்த சாதிக்காகவே ஒரு கூட்டத்தாரைப் புத்தகத்தில் பதிந்து, கைரேகை எடுத்து, ஆஜர் கொடுக்கச் சொல்லும் சட்டம். மனுதர்மத்தையும் போலீஸ் ஸ்டேஷனையும் ஒன்றாய்க் கட்டிவைத்தது போன்றது. உசிலம்பட்டிக்கு அருகில் பெருங்காமநல்லூர் மக்கள் எங்கள் பெயரையும் ரேகையையும் தரமாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களைப் பார்த்து, "ஒளிக்க ஒன்றுமில்லையானால் ரேகை வைத்தால் என்ன?" என்று கேட்பானா சுயமரியாதைக்காரன்?

அது வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி என்பீர்கள். இந்தக் காலத்துச் சங்கதி ஒன்று சொல்லுகிறேன். 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால், 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெயர், வயது, விலாசம் எல்லாம் அதில் இருக்கும். அதை ஆபீசில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். கேரளத்தில் அந்த நோட்டீஸ்களை இணையத்திலும் போட்டார்கள். மத வெறியர்கள் அவற்றை அப்படியே எடுத்து, மதம் மாறிக் காதலித்தவர்களின் படத்தையும் விலாசத்தையும் ஊரெங்கும் பரப்பினார்கள். கூக்குரல் எழுந்த பிறகு 2020 ஜூலையில் அந்த சர்க்கார் இணையத்தில் போடுவதை நிறுத்திற்று. தோழர்களே! சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைப் பெற்ற வீட்டாரே வெட்டிக் கொல்லும் நாடு இது. இங்கே விலாசம் என்பது வெறும் விலாசமா? கொலைகாரனுக்குக் காட்டும் வழியல்லவா?

நமது சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லும்படியாக்கிய 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இந்த 30 நாள் விளம்பரம் கிடையாது. ஆனால் அது இந்துக்கள் என்று சட்டம் சொல்லுகிறவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். அந்தத் திருமணத்தை ஊரறிய அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை, வீட்டார் பயமுறுத்தும்போது அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற கருத்தில் 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தரங்கம் பணக்காரனின் ஆடம்பரமல்ல, உயிர்க்கவசம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தரங்கம் குடிகளின் அடிப்படை உரிமையல்ல என்று மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடிற்று. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி 9 நீதிபதிகள் ஒருமுகமாக, அது அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு ஆதார் சட்டத்தை நிலைநிறுத்தினாலும், பாங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக இணைக்க வேண்டியதில்லை என்று சொல்லிற்று. பிறகு 2023-இல் சொந்த விவரங்களைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். 2025 நவம்பரில் அதற்கு விதிகள் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதத் தவணை கொடுக்கப்பட்டது. உங்கள் சம்மதத்தைக் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே கேட்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு. காவலில் தவறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரையில் தண்டமும் உண்டு. ஆனால் சர்க்கார் தன்னுடைய இலாகாக்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் அதிலேயே இடம் வைத்துக்கொண்டிருக்கிறது. கோயில் பூசாரி தனக்கு மட்டும் தீட்டு இல்லை என்று சொல்லுவதைப் போன்றதே இது!

சர்க்கார் நம்மைக் காக்கும் லட்சணத்துக்கு ஒரு உதாரணம். 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் ஆபீஸ், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரியும்படி மறைத்த நகலைக் கொடுங்கள் என்று ஒரு அறிக்கை போட்டது. அந்த மாதம் 29-ஆம் தேதியே, ஜனங்கள் தவறாய் அர்த்தம் செய்துகொள்ளக் கூடும் என்று சொல்லி அது வாபஸ் வாங்கப்பட்டது. வாபஸ் வாங்கினாலும் புத்தி புத்திதான்.

இனித் திருடர்களைப் பற்றிச் சொல்லுகிறேன். சாமியார் மடத்தில் ஒரு தந்திரம் உண்டு. காத்திருக்கிறவர்களோடு சீடன் ஒருவன் பேச்சுக் கொடுத்து, பெயர், ஊர், வந்த காரியம் எல்லாவற்றையும் அறிந்து உள்ளே சொல்லிவிடுவான். பிறகு சாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "உனக்கு மூத்த பெண்ணால் கவலை" என்பார். நடந்ததைச் சொன்னவர் நடக்கப் போவதையும் சொல்லுவார் என்று நம்மவர்கள் காலில் விழுந்துவிடுவார்கள். இன்று "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறவன் செய்வதும் இதே வித்தைதான். எங்கோ விலைக்கு வாங்கிய பட்டியலைப் பார்த்து உங்கள் பெயரையும் விலாசத்தையும் ஆதார் நம்பரையும் படிப்பான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருந்தது என்பான். போலீஸ் உடுப்போடு வீடியோவில் தோன்றி, எழுந்திருக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பு என்பான். படித்தவர்களும் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்களும்கூட இதில் ஏமாந்திருக்கிறார்கள். இவர்கள் ஏமாந்தது படிப்பு இல்லாததாலா? இல்லை. "என் நம்பரைச் சொன்னவன் அதிகாரியாகத்தான் இருப்பான்" என்று பயத்தால் யோசனையை நிறுத்திவிட்டதால்தான். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. பூசாரியின் முதலும் பயம். இவன் முதலும் பயம். பகுத்தறிவு விழித்தால் இரண்டு கடையும் மூடவேண்டியதுதான்.

கைரேகையும் பத்திரம் என்று நம்பிவிட வேண்டாம். பத்திரப் பதிவு இணையதளத்தில் கிடந்த தஸ்தாவேஜுகளிலிருந்து கைரேகைகளை எடுத்து, போலி ரேகை செய்து, அதைக் கொண்டு சிம் கார்டுகளை வழங்கிய குற்றத்துக்காகத் தெலங்கானாவில் 2018-இல் ஒருவனைப் போலீசார் பிடித்தார்கள். கடவுச்சொல் திருடுபோனால் வேறு வைத்துக்கொள்ளலாம். விரல் திருடுபோனால் வேறு விரலுக்கு எங்கே போவது?

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கூட்டம் சுயமரியாதைக் கூட்டமாகாது. கம்பெனிக்காரன் வேவு பார்க்கிறான் என்று கோபப்படும் ஆண்பிள்ளைகள், வீட்டில் மனைவியின் செல்போனையும், தங்கையின் செல்போனையும், மகளின் செல்போனையும் பிடுங்கிப் பார்க்கிறீர்களே, அது என்ன நியாயம்? அவள் யாரோடு பேசினாள் என்று கணக்குக் கேட்க உங்களுக்கு என்ன யோக்கியதை? உங்கள் செல்போனை அவள் அப்படிப் பார்க்கச் சம்மதிப்பீர்களா? பெண் உங்கள் சொத்தல்ல. அவளுக்கு அந்தரங்கம் இல்லையென்கிறவன், தனக்கு உண்டு என்று கேட்பது வெட்கக்கேடு.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? யாகமும் வேண்டாம், பரிகாரமும் வேண்டாம். சில காரியங்களைச் செய்தால் போதும். டார்ச் விளக்குக்கு ஒரு செயலி உங்கள் சிநேகிதர்கள் பட்டியலைக் கேட்டால், விளக்குக்கு அது எதற்கு என்று கேளுங்கள். காரணம் இல்லையானால் மறுத்துவிடுங்கள். ஓ.டி.பி. எண்ணைப் பெற்ற தகப்பன் கேட்கிறான் என்று வாட்ஸ்அப்பில் வந்தாலும் சொல்லாதீர்கள். குரலைக் கேட்டு விசாரியுங்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் தருகிறேன், எண்ணைப் போடு என்கிறவன் திருடன். கல்யாணப் பத்திரிகை என்று ஏ.பி.கே. என்ற வாலோடு வருவது பத்திரிகையல்ல, கன்னக்கோல், அதைத் திறக்காதீர்கள். ஆதாருக்கு மறைத்த நகலைக் கொடுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்க ஆணையத்தின் இணையதளத்திலேயே வழியிருக்கிறது. எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்லை வைக்காதீர்கள். இரட்டைப் பூட்டு வசதி இருக்கும் இடத்தில் அதைப் போடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல், உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

மேலும் ஒன்று. 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தோம். கெஜட்டிலும் சுவரொட்டியிலும் ஒழிந்த அந்த வாலை, பேஸ்புக்கில் நம் பிள்ளைகள் திரும்ப ஒட்டிக்கொள்கிறார்கள். மானக்கேடு ஒருபுறமிருக்க, உன்னைச் சாதியாய்ப் பிரித்து ஓட்டு வேட்டை ஆடுகிறவனுக்கு நீயே சீட்டெழுதிக் கொடுக்கிறாய் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

தோழர்களே! செல்போனைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரயில் வந்தபோதும் அச்சு வந்தபோதும் ஆகாது என்றவர்கள் வைதீகர்கள், நாம் அப்படியல்ல. விஞ்ஞானம் நமக்கு வேலைக்காரனாய் இருக்கட்டும். அதை வைத்திருக்கிற முதலாளி நமக்கு எஜமானனாய் ஆகிவிடக் கூடாது. நான் சொல்லியவற்றை வேதமாய்க் கொள்ள வேண்டாம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் செல்போனைத் திறந்து, எந்தச் செயலிக்கு எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று நீங்களே பாருங்கள். பார்த்த பிறகு உங்கள் அறிவு என்ன சொல்லுகிறதோ அதன்படி செய்யுங்கள்.