இமைக்க மறந்த கண்

கண்ணை இமை காப்பதுபோல என்பது தமிழ் வழக்கில் ஊறிய உவமை. அன்புக்குச் சான்றாகச் சொல்லப்படும் அது, உடற்கூற்று உண்மையுமாகும். இமை கொட்டுந்தோறும் மெல்லிய கண்ணீர்ப் படலமொன்று விழிமீது புதிதாகப் பரவுகின்றது. அப்படலத்தின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் பசையே ஈரம் ஆவியாகாது தடுப்பது. ஓய்வாக அமர்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கின்றார். அவரே கணினித் திரையின்முன் அமர்ந்து கணக்கொன்றைச் சரிபார்க்கப் புகுந்தால், அத்தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுவதுண்டு. இமைக்கும்பொழுதும் இமைகள் முற்றாக மூடுவதில்லை. எஞ்சிய ஈரத்தைக் கந்தோரின் குளிரூட்டியும் மின்விசிறியும் உலர்த்திவிடுகின்றன. மாலையில் கண் கரிக்கின்றது. எழுத்து மங்கித் தெளிகின்றது. சிலருக்கு நீர் வடிவதும் இவ்வறட்சியினாலேயே என்பது விந்தையாகத் தோன்றும். உறுத்தலைத் தணிக்க முயலும் கண், அளவுமீறிச் சுரக்கின்றது.

கிட்டப் பார்க்கும்பொழுது விழிவில்லையைத் திரளச் செய்யும் தசை, மணிக்கணக்காகத் தளராதிருத்தலும் ஒரு காரணம். இவ்வருத்தம் திரையோடு பிறந்ததன்று. அச்சுக்கோப்போர் படும் கண்நோவை இத்தாலிய மருத்துவர் இராமாசினி 1713ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

இக்காலத்திலோ பழி முழுவதும் திரையின் நீல ஒளிமேற் சுமத்தப்படுகின்றது. அதை வடிக்குமென்று கூறும் கண்ணாடிகள் நல்ல விலைக்கு விற்பனையாகின்றன. 17 பரிசோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து 2023இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வோ, கண்சோர்வைக் குறுகிய காலத்திற் குறைப்பதில் அவை சாதாரணக் கண்ணாடியினும் மேலானவையாகத் தோன்றவில்லை என்றே கண்டது. காசு கேளாத மருந்துகள் வேறுள. 20 நிமிடத்துக்கொருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள மரத்தையோ கூரையையோ 20 விநாடி நோக்குதல் அவற்றுளொன்று. மற்றொன்று, திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ வைத்தல். தாழ்ந்த பார்வையில் இமை பாதி மூடியிருப்பதால் ஈரம் அவ்வளவாக உலராது.

இவற்றாலும் தீராத தலையிடி, நாற்பதைக் கடந்தவர்களிடம் பெரும்பாலும் வெள்ளெழுத்தின் வேலையாயிருக்கும். அவர்கள் அணிவது புத்தகத்தின் தூரத்துக்கு அளந்த கண்ணாடி. திரையோ அதற்கும் அப்பால் நிற்கின்றது. இருபார்வைக் கண்ணாடியாயின், கீழ்ப்பகுதியூடாகத் திரையைக் காண நாடியை உயர்த்தி, நாளடைவில் கழுத்துநோவையும் தேடிக்கொள்கின்றனர். கண்ணிலிருந்து திரைவரையுள்ள தூரத்தை ஒரு நூலால் அளந்து, அந்நூலைக் கண் வைத்தியரிடம் கொண்டுசென்றாலே போதும். அத்தூரத்துக்கேற்ற கண்ணாடியை அவர் எழுதிக்கொடுப்பார்.