அரணில்லா ஊரும் அதன் பெயரும்



எயில், இஞ்சி, புரிசை, மதில் எனக் காவலைச் சுட்டும் சொற்கள் தமிழில் பல. மதிலை வளைக்கும் போருக்குத் தொல்காப்பியம் உழிஞை என்று திணையே வகுத்தது. குடி, சேரி, பாக்கம் என்பனவோ மக்கள் வாழ்ந்தமையை மட்டும் சுட்டுவன. மதிலற்ற இத்தகைய வாழிடங்களே தொன்மை மிக்கவை. எளிதில் அழிபவையும் அவையே.

அவற்றுள் ஒன்று நம் பினாங்கு மாநிலத்திலேயே உள்ளது. செபராங் பிறையின் வடபகுதியில், மூடா ஆற்றை அடுத்துள்ள குவார் கெப்பா அது. புதிய கற்கால மக்கள் சிப்பிகளை உண்டு, ஓடுகளை மேடாகக் குவித்தனர். இறந்தோரை அம்மேடுகளிலேயே புதைத்தனர். 1860 இல் ஜார்ஜ் வின்சர் ஏர்ல் அவற்றை ஆராய்ந்த காலத்திலேயே, சுண்ணாம்பு சுடுவோர் ஓடுகளை வெட்டியெடுத்து வந்தனர். 1934 இல் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் அகழ்ந்தது எஞ்சிய பகுதியையே. அங்குக் கிடைத்த எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றன. 2017 இல் காட்சிக்கூடம் அமைக்க நிலம் தோண்டப்பட்டபோது மற்றோர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர் அகழ்ந்தெடுத்த அவ்வெலும்புக்கூடு ‘பினாங்குப் பெண்’ எனப் பெயர் பெற்றது. அதன் காலம் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

மேடுகள் கரைந்தபோதும் பெயர் கரையவில்லை. வடபுல மலாய் வழக்கில் ‘குவார்’ என்பது மேடு. ‘கெப்பா’ என்பது ஒருவகைச் சிப்பி. சிப்பிமேடு என்பதே பொருள். அரிக்கமேட்டின் பெயரிலும், கீழடியில் அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடலின் பெயரிலும் இவ்வாறே நிலத்தின் வடிவம் ஈற்றில் நிற்கக் காண்கிறோம்.

தொல்லிடங்களைப் பதிவுசெய்து காக்க 2005 ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் வழிசெய்கிறது. மதிலில்லா ஊருக்குச் சட்டமே மதில். எனினும் சட்டம் காப்பது அறியப்பட்ட இடத்தையே. அறியப்படாத இடத்தைத் தேட முதற்குறிப்புத் தருவது பெரும்பாலும் ஊர்ப்பெயரே. புதிய ‘தாமான்’ பெயர் ஏறும்போது அக்குறிப்பு மறைகிறது.

நாம் கூடியுள்ள இவ்விடத்தின் பெயரும் அத்தகையதே. அரபு வேர்கொண்ட ‘கிராமாட்’ என்னும் மலாய்ச்சொல் தூயோர் அடக்கத்தலத்தையும் குறிக்கும். தண்ணீர்மலை என்னும் நம் வழக்கு ஏட்டிலும் நிலைத்துவிட்டது. தோட்டப்புறங்களில் நம்மவர் இட்ட பெயர்கள் பலவோ முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. மேடு, திடல், குளம், ஓடை என முடியும் பெயர்களை அவர்தம் விளக்கத்துடனும், அதே இடத்திற்கு மலாய் அண்டையர் வழங்கும் பெயருடனும் எழுதிவைப்போம். இப்பணியை நம் தமிழ்ப்பள்ளி மாணவரும் இன்றே தொடங்கலாம். ஒரு குறிப்பேடும் கேட்கும் பொறுமையும் போதும்.