வீடா? வீதியா? புத்தகமா?

அறிவார்ந்த நடுவர் அவர்களே! 'வீடே' என்று பேசி, 'கிளம்பி வீட்டுக்கே போயிடலாமா' என்று நம்மை யோசிக்க வைத்த அன்புச் சகோதரி அவர்களே! 'வீதியே' என்று முழங்கி, இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் நம்மையெல்லாம் வீதிக்கே கொண்டுவந்திருக்கக் கூடிய அருமைத் தம்பி அவர்களே! (சிரிப்பு) அச்சங்குளத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைச் செல்வங்களே!

குழந்தைகளை நல்ல குடிமக்களாக ஆக்குவது வீடா, வீதியா, புத்தகமா என்பது இன்றைய கேள்வி. புத்தகமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எந்தப் புத்தகம்? பரீட்சைக்கு முதல் நாள் வாங்கி, மறுநாள் எடைக்குப் போடுகிற நோட்ஸ் இல்லை. நாட்டின் வரலாறு என்ன, குடிமகனின் உரிமை என்ன, கடமை என்ன, நாலு பேரோடு எப்படி வாழ்வது என்று ஒரு குழந்தைக்கு அதன் மொழியில் சொல்கிற புத்தகம்.

முதலில் வீட்டுக்கு வருகிறேன். சகோதரி சொன்னார், 'வீடுதான் முதல் பள்ளிக்கூடம்' என்று. சரிம்மா. அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடக்கிறது? அப்பா பையனை முன்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டுகிறார். ஹெல்மெட் எங்கே இருக்கிறது? கண்ணாடியில் தொங்குகிறது. தூரத்தில் காக்கிச் சட்டை தெரிகிறது. உடனே வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுகிறார். அவரைத் தாண்டியதும் மறுபடி கண்ணாடியில் தொங்குகிறது. பையன் என்ன படித்தான்? 'ஹெல்மெட்டுங்கிறது தலையைக் காப்பாத்துறதுக்கு இல்ல, அபராதத்துல இருந்து அப்பாவோட பணத்தைக் காப்பாத்துறதுக்கு!' (சிரிப்பு, கைதட்டல்)

வீதி மட்டும் என்ன வாழ்கிறது? பஸ் வந்து நின்றால், வரிசையில் நில்லுடா என்றா சொல்கிறோம்? பையனையே ஜன்னல் வழியாக உள்ளே தள்ளி, 'மூணு சீட்டுப் பிடிச்சு வை'ங்கிறோம்! (சிரிப்பு) 'முண்டினால் சீட்டு, வரிசையில் நின்றால் வேடிக்கை' — இதுதான் வீதி கற்றுத் தருகிற குடிமைப் பாடம்.

சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த மண்ணுக்கு வருகிறேன் நடுவர் அவர்களே.

1950 ஜனவரி 26. நம் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அதில் 24ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பதினான்கு வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தையையும் தொழிற்சாலையிலோ, சுரங்கத்திலோ, ஆபத்தான வேறு எந்த வேலையிலோ அமர்த்தக் கூடாது என்கிறது. எழுதியாகிவிட்டது. ஆனால் இந்தக் கரிசல் பூமியில் அதற்குப் பின்னும் எத்தனை ஆண்டுகள், விடியுமுன்னே ஊர் ஊராக வண்டி வந்தது? தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்கள். தீக்குச்சி அடுக்கப் போனார்கள். பட்டாசுக்குத் திரி வைக்கப் போனார்கள்.

அந்தப் பிள்ளையை அனுப்பியது எது? வீடு. நான் வீட்டைக் குறை சொல்லவில்லை தாயே. மழை பொய்த்த பூமி, அடுப்பு எரிய வேண்டும், அனுப்பினார்கள். ஏற்றிக்கொண்டு போனது எது? வீதி. 'இது உன் வேலை இல்லையடா கண்ணா, உன் இடம் வகுப்பறை, இதோ 24ஆம் பிரிவு' என்று சொல்லக் கூடியதாக எது இருந்தது? புத்தகம் ஒன்றுதான் இருந்தது. அதை அந்தப் பிள்ளையின் கையில் நாம் கொடுக்கவில்லை. அதுதான் துயரம். (கைதட்டல்)

பிறகு 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்திலும் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பு. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் அந்தக் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி சட்டப்படியான உரிமை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, பதினெட்டு வயது ஆகும்வரை அபாயகரமான வேலையில் சேர்க்கவே கூடாது என்றார்கள்.

இவ்வளவும் டெல்லியில் நடந்தது. இது அச்சங்குளத்தில் இருக்கிற ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி வந்து சேரும்? அம்மாவுக்குத் தெரியாது. டீக்கடையில் பேச மாட்டார்கள். சமூக அறிவியல் புத்தகத்தில் குடிமையியல் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது சொல்ல வேண்டும். சட்டம் புத்தகத்துக்குள் வந்தால்தான் சட்டம் பிள்ளைக்கு வந்தது என்று பொருள்!

தம்பி ஒரு பெரிய அம்பை எய்தார். 'கர்மவீரர் காமராசர் என்ன புத்தகம் படித்தார்? வீதியில் படித்துத்தானே முதலமைச்சர் ஆனார்?' என்றார். பலத்த கைதட்டல் வாங்கினார். எனக்கே தட்டத் தோன்றியது. அணி மாறிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். (சிரிப்பு) விருதுநகர்க்காரர்களிடமே காமராசரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? 1903இல் பிறந்தவர், சிறுவயதில் தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் படிப்பை விட்டாரா? பத்திரிகை படித்துத்தானே நாட்டு நடப்பை அறிந்தார்? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வீதிகளை அவரைப் போலத் தெரிந்த தலைவர் யார்? அப்படி வீதியை முழுக்கத் தெரிந்த மனிதர், 1954இல் முதலமைச்சராக வந்ததும், 'பிள்ளைகளே, வீதிக்குப் போங்கள், அனுபவம் வரும்' என்றா சொன்னார்? ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1956இல் மதிய உணவு போட்டார். எதற்காக? சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளை புத்தகத்தைத் திறக்கட்டும் என்பதற்காக! தம்பி, நீங்கள் அழைத்து வந்த சாட்சி எங்கள் அணிக்குச் சாட்சி சொல்லிவிட்டார். (நீண்ட கைதட்டல்)

சகோதரிக்கும் ஒரு சாட்சி. 1928 கோடைக்காலம். பத்து வயது இந்திரா முசோரி மலையில் இருக்கிறார். தந்தை நேரு அலகாபாத்தில். வீடு பக்கத்தில் இல்லை. அப்பா என்ன செய்தார்? பூமி எப்படி உண்டாயிற்று, மனிதன் எப்படி வந்தான் என்று கடிதம் கடிதமாக எழுதினார். மறு ஆண்டு அது நூலாயிற்று. பிறகு சிறையிலிருந்து உலக வரலாற்றையே கடிதங்களாக எழுதினார். அப்பா இருக்க முடியாத இடத்தில் புத்தகம் இருந்தது. இந்திராவுக்கு மட்டுமா? அவற்றைப் படித்த எத்தனையோ பிள்ளைகளுக்கும்தான். அப்பா ஒரு பிள்ளைக்குச் சொன்னது வீடு. அதையே எல்லாப் பிள்ளைக்கும் சொன்னது புத்தகம்.

நம் தமிழில் இல்லையா? குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, காந்தியடிகளின் வாழ்க்கையைப் பிள்ளைகள் பாடுகிற பாட்டாக எழுதினார். பெரியசாமித் தூரன், பெரியவர்களுக்குப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் முடித்த கையோடு, 'பிள்ளைகளுக்கு வேண்டாமா?' என்று அவர்களுக்கும் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார். எவ்வளவு பெரிய தவம்! இன்றைக்கு நம் வீட்டு அலமாரியில் அதற்கு இடம் இருக்கிறதா? கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டிக்குக்கூட இடம் இருக்கிறது. (சிரிப்பு)

நியாயமாகப் பேச வேண்டும் நடுவர் அவர்களே. எல்லாக் குடிமைப் புத்தகமும் நல்ல புத்தகம் இல்லை. 'மக்களவை உறுப்பினர் எத்தனை பேர்? குடியரசுத் தலைவரின் வயது வரம்பு என்ன?' என்று எண்ணிக்கையாகவே நிரப்பிய புத்தகம் உண்டு. 'கீழ்ப்படி, கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று மட்டும் சொல்கிற நல்லொழுக்கப் புத்தகம் உண்டு. கீழ்ப்படிய மட்டும் கற்றவன் குடிமகன் இல்லை ஐயா, குடிபடை! கேள்வி கேட்கக் கற்றவன்தான் குடிமகன். உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன் என்று பத்தைச் சொல்கிறது. அதில் ஆராய்ந்து பார்ப்பது ஒன்று. முடிவெடுப்பது ஒன்று. அடுத்தவர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்வது ஒன்று. கையைக் கட்டு என்பது அந்தப் பத்தில் இல்லை! (கைதட்டல்)

இந்தத் திறன் எதற்கு? 2021 பிப்ரவரி 12. அந்த நாளை இந்த ஊருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இங்கே நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அந்தத் துயரத்தின் முன்னால் பட்டிமன்றப் பேச்சாளனுக்கு வார்த்தை இல்லை. ஆனால் ஆசிரியனாக ஒன்று கேட்கிறேன். ஒரு அறையில் எத்தனை பேர் வேலை செய்யலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அந்த விதி அதிகாரியின் கோப்பில் இருக்கிறது. முதலாளியின் அறையில் இருக்கிறது. இந்தப் பகுதிப் பிள்ளைகள் படிக்கிற ஒரு சின்னப் புத்தகத்தில், படம் போட்டு, எளிய தமிழில் இருக்க வேண்டாமா? இருந்தால் என்ன ஆகும்? ராத்திரி சாப்பிடும்போது ஒரு பொம்பளப் பிள்ளை கேட்கும்: 'அப்பா, உங்க ரூம்ல எத்தனை பேருப்பா வேலை பாக்குறீங்க?' அந்தக் கேள்வி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்துவிட்டால், மறுநாள் வேலைத்தலத்துக்கும் அப்பாவோடு போகும். கேள்வி மட்டும் விபத்தைத் தடுத்துவிடுமா என்றால், தடுத்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். கேள்வியே இல்லாத ஊரில் விதி வெறும் காகிதம். அதைத்தான் சொல்கிறேன். (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுகிறார். இரண்டே செய்தி.

புத்தகம் வாங்கக் காசு இல்லை என்பீர்கள். நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. 1948இலேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. ஆகவே ஊர் நூலகத்தில் உங்கள் பிள்ளைக்கு ஒரு நல்ல புத்தகம் கேட்பது சலுகை இல்லை, உரிமை. போய்க் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று பிள்ளையை விட்டே மனு எழுதச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த குடிமைப் பாடம் எது?

இன்னொன்று. தீபாவளி மறுநாள் வாசல் பெருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். வெடித்துச் சிதறிய காகிதத்தை எடுத்துப் பார்த்தால், சிலதில் பழைய பாடப் புத்தகத்தின் எழுத்து இருக்கும். பாதி வரி, பாதிப் படம். வெடிக்கும் காகிதம்தான், புத்தகத்துக்கும் காகிதம்தான். இந்த வட்டாரத்துக் கைகள் இரண்டையும் செய்கின்றன. ஊருக்கெல்லாம் பட்டாசும் தருகிறோம், சிவகாசியில் அச்சடித்துப் பாட நூலும் நோட்டும் தருகிறோம். நாம் செய்த பட்டாசு யார் வீட்டிலோ வெடிக்கட்டும். நாம் அச்சடித்த புத்தகம் நம் பிள்ளையின் கையிலும் இருக்கட்டும்!

கற்றால் போதாது, கற்றபடி நடக்கவும் வேண்டும் என்றார் வள்ளுவர். நடப்பதற்கு வீடு வேண்டும், வீதி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படி நடப்பது என்று தெரிய முதலில் கற்க வேண்டுமே! வீட்டையும் திருத்தி, வீதியையும் திருத்துகிற பிள்ளையை உருவாக்குவது புத்தகமே, புத்தகமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)