முதன்முறை வானேறியவர்கள்

(அறக்கட்டளை ஆண்டு விழாவின் மூத்தோர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘முதல் விமானப் பயணம்’ என்பது. தமிழாசிரியனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் எனக்கும் இருந்தது. ஆகவே நம் குடும்பங்களில் எழுபது, எண்பது வயதைக் கடந்த பன்னிருவரை வீடு தேடிச் சென்று கேட்டேன். கேட்கத் தொடங்கிய முதல் நாளிலேயே ஒன்று புலப்பட்டது. ‘விமானம் எப்படி இருந்தது?’ என்று வினவினால், ‘நன்றாகத்தான் இருந்தது’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ‘எதற்காகப் போனீர்கள்?’ என்று வினவினால், காபி ஆறிப்போகும் வரை பேசுகிறார்கள். பன்னிருவருள் ஒருவர்கூட வானத்தைப் பார்ப்பதற்காகப் போனவர் அல்லர். ஏதோ ஒரு காரணம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

நம் இலக்கியத்தில் முதன்முறை வானேறிய பெண்ணின் கதையும் அத்தகையதே. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச்சென்ற மயிற்பொறியை இங்குள்ளோர் எல்லாரும் அறிவீர்கள். வலப்புறம் திருகினால் எழும், இடப்புறம் திருகினால் இறங்கும் என்று அதன் இயக்கத்தையும் திருத்தக்கதேவர் சொல்லிவிடுகிறார். இதைக் காட்டி நம் முன்னோர் விமானம் செய்து பறந்தார்கள் என்று வாதிடுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஒரு பெரும்புலவரின் கற்பனை. கற்பனையாக இருப்பதே அதன் பெருமை. நான் வியப்பது வேறொன்றை. தேவர் அந்தப் பொறியை ஒரு சூல்கொண்ட பெண்ணிடம் கொடுக்கிறார். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்ட வேளையில் சச்சந்தன் அவளை அதில் ஏற்றி அனுப்புகிறான். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுகிறது, அவள் மயங்குகிறாள், மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. மேகத்தின் அழகையும் மண்ணின் தோற்றத்தையும் பார்க்க அவளுக்கு நேரம் ஏது? என்னிடம் பேசிய முதியவர்கள் பலர் விசயையைப் போலவே பறந்திருக்கிறார்கள்.

சற்றே வரலாறும் சொல்லவேண்டும். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானம் ஒன்றை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வந்தவை கடிதங்கள். மனிதரைச் சுமக்கும் முன் நம் விமானங்கள் கடிதங்களைச் சுமந்தன. 1953இல் எட்டு நிறுவனங்களை ஒன்றிணைத்து நடுவணரசு இந்தியன் ஏர்லைன்சை அமைத்தபோது, உள்நாட்டில் பெரும்பாலும் ஓடியது டக்கோட்டா விமானம்.

அந்த டக்கோட்டாவில் 1958இல் சென்னையிலிருந்து பெங்களூர் சென்ற ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அப்போது அவருக்கு இருபது வயது. ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஆலை முதலாளிக்கு அவசர வேலை. ஆனால் தனியே பறக்க அச்சம். முதலாளி இரண்டு சீட்டு எடுத்தார். ‘விழுந்தால் துணைக்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா?’ என்று பெரியவர் இப்போதும் சிரிக்கிறார். அந்த விமானத்தின் வால் தரையில் படிந்து மூக்கு நிமிர்ந்திருக்கும். ஆகவே உள்ளே நுழைந்தவுடன் மலைச்சரிவில் ஏறுவதுபோல நடந்துதான் இருக்கைக்குச் செல்லவேண்டும். முதலாளி பருத்த உடம்பினர். பெரியவர் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார். விமானப் பணிப்பெண் தட்டில் பஞ்சும் புளிப்பு மிட்டாயும் கொண்டுவந்தார். பஞ்சு எஞ்சின் இரைச்சலுக்கு. மிட்டாய் எதற்கென்றால், டக்கோட்டாவின் உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் அமைப்பு கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழல் திறந்து அடைப்பு நீங்கும். முதலாளிக்கு இது தெரியாது. மிட்டாயைப் பேரனுக்கென்று மடியில் முடிந்துகொண்டார். பெங்களூரில் இறங்கி வெகுநேரம் ஆகியும் காது கேட்கவில்லை. விலை பேசப் போன இடத்தில் எதிராளி சொன்னதை எல்லாம் நம் பெரியவர்தான் அவர் காதருகே உரக்கக் கூறினார். கடை முழுவதும் வணிக இரகசியத்தைக் கேட்டது.

1957இலேயே வைக்கவுண்ட் விமானங்கள் வந்துவிட்டன. அவற்றில் காற்றழுத்தம் சீர்செய்யப்பட்டிருந்தது. ஆயினும் மிட்டாய்த் தட்டு மட்டும் நெடுங்காலம் போகவில்லை. வழக்கம் என்பது காரணம் போன பின்பும் நிற்பது.

அடுத்து நான் சொல்லப்போவது நாகபுரியைப் பற்றி. இன்றைய இளைஞர் இதை நம்ப மாட்டார்கள். 1949 சனவரி இறுதியில் இரவு அஞ்சல் விமானச் சேவை தொடங்கிற்று. சென்னை, பம்பாய், தில்லி, கல்கத்தா என்ற நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் புறப்படும். நான்கும் நள்ளிரவை ஒட்டி நாகபுரியில் வந்து கூடும். அங்கே அஞ்சல் பைகள் மாறும், பயணிகளும் மாறுவார்கள். பிறகு ஒவ்வொன்றும் வந்த திசைக்கே திரும்பும். நேற்று மாலை சென்னையில் பெட்டியிலிட்ட கடிதம் இன்று தில்லியில் இருக்கும்.

நம் உறவினர் ஒருவர், இப்போது எண்பத்தெட்டு வயதினர், 1962இல் இவ்வழியாகத் தில்லி சென்றார். அவருடைய தமையனார் அங்கே அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றிவந்தார். ஒரு நண்பகலில் தந்தி வந்தது. ‘அண்ணன் கவலைக்கிடம், உடனே புறப்படு.’ அக்காலத் தந்திக்கு ஒரு வழக்கு இருந்ததை மூத்தோர் அறிவீர்கள். உயிர் பிரிந்த பின்னும் ‘கவலைக்கிடம்’ என்றே அடிப்பார்கள். வருகிறவர் வழியில் மனம் உடைந்துவிடக் கூடாது என்னும் கருணை. ஆகவே அந்தச் சொல்லைப் படித்தவர் எவரும் அதை அப்படியே நம்புவதில்லை. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் போனால் இரண்டு இரவு ஆகும். அலுவலக மேலாளர் தம் சொந்தப் பணத்தில் விமானச் சீட்டு எடுத்துக் கையில் கொடுத்தார். அந்தத் தொகையை அடைக்க இவருக்கு ஓராண்டு பிடித்தது.

விமானம் எழும்பியதும் பறந்ததும் அவருக்குச் சிறிதும் நினைவில் இல்லை. நாகபுரி மட்டும் நினைவிருக்கிறது. நள்ளிரவு, மார்கழிக் குளிர், வேட்டி சட்டை, மேலே ஒரு துண்டு. விளக்கொளியில் நான்கு விமானங்கள் நிற்கின்றன. யாரோ ஒரு வடநாட்டுப் பயணி தம் கம்பளியின் ஒரு பாதியை இவர்மேல் போர்த்தி, ஒரு குவளைத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். மொழி தெரியாது. இவர் தந்தியை எடுத்துக் காட்டினார். அவர் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், தில்லி விமானம் எதுவென்று கை பிடித்து அழைத்துச் சென்று படிக்கட்டருகே விட்டார். விடியற்காலை தில்லி. தந்தி இம்முறை உண்மையையே சொல்லியிருந்தது. தமையனார் கண் விழித்திருந்தார். தம்பியைப் பார்த்து, ‘எப்படியடா இவ்வளவு சீக்கிரம் வந்தாய்?’ என்று கேட்டார். மூன்று நாள் இருந்தார். ரயிலில் போயிருந்தால் ஒரு நாளேனும் குறைந்திருக்கும். ‘அந்த ஒரு நாளுக்குத்தான் ஓராண்டு கடன் அடைத்தேன்’ என்றார் பெரியவர்.

அடுத்தது சற்று இலேசானது. ஆனால் நம்மவர்க்கே உரிய சிக்கல் ஒன்று அதில் உண்டு. 1975ஆம் ஆண்டு, பங்குனி மாதம். மகளின் தலைப்பிரசவத்திற்காக ஓர் அம்மையார் மாலை விமானத்தில் சென்னையிலிருந்து பம்பாய் சென்றார். இரவுணவு தவிர்ப்பவர். வீட்டில் பொழுதோடு உண்டுவிட்டுப் புறப்பட வாய்க்கவில்லை. பிற்பகல் முழுவதும் விமான நிலையத்திலேயே கழிந்துவிட்டது. நல்ல பசி. ஏறிய சிறிது நேரத்தில் உணவுத் தட்டு வந்தது. கைக்கடிகாரம் ஆறரையைத் தாண்டிவிட்டது. சென்னையில் பொழுது சாய்ந்திருக்கும். ஆனால் இடப்புறச் சன்னலில் சூரியன் நன்றாகவே நிற்கிறான்! கீழே குனிந்து பார்த்தால் தரையில் இருள் கவிந்து, ஊர்களில் விளக்கு எரிகிறது. உண்ணலாமா, கூடாதா?

இதில் வியப்பு ஒன்றும் இல்லை என்று அறிவியல் ஆசிரியர் ஒருவர் எனக்கு விளக்கினார். முப்பதாயிரம் அடி உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் தாழ்ந்து போகிறது; அதனால் நேர் கீழே தரையில் உள்ளவரைவிட ஏறத்தாழ 12 நிமிடம் கூடுதலாகச் சூரியன் தெரியும். அன்றியும் பம்பாய் மேற்கே உள்ளது. பங்குனியில் சென்னைக்கும் அதற்கும் சூரியன் மறைவதில் அரைமணி அளவு வேறுபாடு. விமானமோ மறைகிற சூரியனைத் துரத்திக்கொண்டே செல்கிறது. அம்மையாருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிறிது எண்ணிப் பார்த்தார். ‘எனக்குத் தெரிகிற சூரியனை வைத்து நான் சாப்பிடலாம். ஆனால் வீட்டில் இந்நேரம் மருமகள் விளக்கேற்றி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அவளுக்கு ஒரு பொழுது, எனக்கு ஒரு பொழுதா?’ என்று தோன்றியதாம். உண்ணவில்லை. தட்டிலிருந்த இனிப்பை மட்டும் கைக்குட்டையில் முடிந்து மகளுக்குக் கொண்டுபோனார். கண்ணுக்குப் பகலாக இருந்தால் பகலே என்று வாதிட இங்கே அறிஞர்கள் உண்டு. அம்மையாரின் முடிவை நான் அவர்கள் முன் நிறுத்த மாட்டேன். அந்த இனிப்பைத் தின்ற மகள் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு அந்தக் கதை இன்று காலைதான் தெரியும்.

என் சொந்த முதற்பயணம் 1988இல். சொல்லத்தக்கது ஒன்றுமில்லை, நடுவிருக்கை கிடைத்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றவர்களின் கதை வேறு வகை. திண்டிவனம் பக்கத்து இளைஞர் ஒருவர், தொழிற்பயிற்சி முடித்த பிட்டர், 1978இல் பம்பாயிலிருந்து துபாய்க்குப் பறந்தார். அவர் வானத்தைப் பார்க்காததற்குக் காரணம் எளிது. வழியில் பணிப்பெண் ஆளுக்கொரு குடிநுழைவு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் அந்தப் பகுதியில் இவர் ஒருவரே. பக்கத்து இருக்கைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், முன்னிருந்தும் பின்னிருந்தும் அட்டைகளும் கடவுச்சீட்டுகளும் கைமாறி வரத் தொடங்கின. தமிழர், மலையாளி, தெலுங்கர், இராசத்தானி. எழுதி முடிப்பதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது, சோறு ஆறிப்போயிற்று. எத்தனை காலம் தங்குவீர்கள் என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே விடையைச் சொன்னார்கள். எல்லாருடைய அட்டையிலும் ‘2 ஆண்டு’ என்றே எழுதினார். தம்முடையதிலும் அதையே எழுதினார். பத்தொன்பது ஆண்டு இருந்தார். தந்தையின் மறைவுக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. ‘விமானம் இருந்தால் மட்டும் போதுமா, ஐயா?’ என்று என்னைக் கேட்டார். நாகபுரி வழியே போனவரின் கதையை முன்னாள்தான் கேட்டுவிட்டு வந்திருந்தேன். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

இறுதியாக, விமானத்தில் ஏறவே ஏறாத ஒருவரின் நினைவு. தொண்ணூற்று மூன்று வயது அம்மையார். 1974இல் அவருடைய மூத்த மகன் மேற்படிப்புக்காக அமெரிக்கா புறப்பட்டான். வழியனுப்ப வந்தவாசியிலிருந்து ஒரு வேன் நிறையப் பதினான்கு பேர் மீனம்பாக்கம் வந்தார்கள். மாலை, தேங்காய், புளிச்சோற்று மூட்டை, அழுகிற அத்தை, எல்லாம் உண்டு. பையன் உள்ளே போனதும் அனைவரும் பார்வையாளர் மாடத்திற்கு ஏறினார்கள். ஒரு விமானம் நகர்ந்தது. அம்மையார் கையசைத்தார், அது வானில் புள்ளியாகி மறையும் வரை அசைத்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், ‘பெரியம்மா, அது பெங்களூர் விமானம், பம்பாய் விமானம் முன்னமே போய்விட்டது’ என்றார். அம்மையார் கையை இறக்கவில்லையாம்.

‘எந்தத் தாய் பெத்த பிள்ளையோ போவுது, இருக்கட்டும்’ என்றார்.

அந்த மகன் இப்போது எழுபத்தைந்து வயதினர். தொலைபேசியில் அவரிடமும் கேட்டேன். மாடத்தில் யார் நின்றார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. இருக்கை மறுபக்கத்தில் இருந்ததாம். அம்மா கையசைத்ததும் அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. விமானம் மாறியதை நான் அவரிடம் சொல்லவில்லை. அதை அம்மையாரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் வருகிறார்.